வாரக் கணக்கு: கேள்வி-பதில்

இது பழவேற்காட்டு வாரம். ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: மாதம் கடந்த கருக்கலைப்பு. பெண்கள் ஒருவரும் பெயர் போடச் சொல்லவில்லை. ஆண்களில் சிலர் பெயர், தொழில், கட்சிப் பொறுப்பு வரை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே நீதி. ஊர் மட்டும் போடுகிறேன்.

அஞ்சு மாசம் சும்மா இருந்துட்டு, ஆறாம் மாசம் வந்து கலைக்கச் சொல்றாங்களே, அதுவரைக்கும் தூங்கிட்டா இருந்தாங்க? (கோட்டைக்குப்பம்)

பலருக்கு அதுவரை தூக்கமே இருந்திருக்காது. சிலருக்கு விஷயமே தெரிந்திருக்காது. இரண்டாவது வகைக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வந்தார். வயது 27. கையில் இரண்டு குழந்தைகள், சின்னதற்கு ஒரு வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை. மாதவிலக்கே வராதவளுக்கு நாள் தள்ளிப்போனது எப்படித் தெரியும்? உடம்பு வித்தியாசமாகத் தோன்றி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது 24 வாரம் கடந்திருந்தது.

அக்டோபர் 9-ஆம் தேதி நீதிபதிகள் ஹிமா கோலி, நாகரத்னா இருவரும் கலைக்க அனுமதி கொடுத்தார்கள். மறுநாளே எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: சிசு உயிரோடு பிறக்க வாய்ப்பு இருக்கிறது, அதன் இதயத் துடிப்பை நாங்கள் நிறுத்த வேண்டுமா என்று. 11-ஆம் தேதி அதே இரு நீதிபதிகளும் இரண்டாகப் பிரிந்தார்கள். தன் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார் கோலி. அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார் நாகரத்னா. இருவருமே பெண்கள் என்பதைக் கவனியுங்கள். 'பெண் நீதிபதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பவர்களுக்கும், 'பெண்ணுக்குப் பெண் விட்டுக்கொடுப்பாள்' என்பவர்களுக்கும் ஒரே நாளில் பதில் கிடைத்தது. அக்டோபர் 16-ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அனுமதி இல்லை என்று முடித்தது. கரு 26 வாரம் 5 நாள், தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, சிசுவுக்குக் குறை இல்லை என்பவை காரணங்கள். பிரசவச் செலவை அரசு ஏற்கும், விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்றார்கள்.

சட்டப்படி சரியான தீர்ப்பு என்று வாதாடலாம். ஆனால் அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று மட்டும் வாதாட முடியாது.

புள்ள பால் குடிக்கிற வரைக்கும் கரு தங்காதுன்னு எங்க ஆயா சொல்லுமே? (ஆண்டிக்குப்பம்)

ஆயா பாதி சரி. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருக்க வேண்டும், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல் இருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்ப வராமல் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால் ஆயா ஜெயித்துவிடுவார். ஒன்று குறைந்தாலும் அதை நம்பக் கூடாது. ஏழாம் மாதம் சோறு ஊட்டினீர்கள் என்றால் அன்றோடு ஆயாவின் உத்தரவாதம் முடிந்தது.

நாற்பத்தைந்து வயதுக்காரர்களுக்கும் இதே கதை உண்டு. 'நின்றுவிட்டது' என்று நினைப்பார்கள். நின்றது வேறு காரணத்தால் இருக்கும்.

சட்டம் எத்தனை மாசம் வரைக்கும் விடுது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. (லைட்ஹவுஸ் குப்பம்)

சட்டத்துக்கு மாதக் கணக்கு தெரியாது, வாரக் கணக்குதான். அதுவும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். நீங்கள் 'நாள் தள்ளி ஒரு வாரம்தான் ஆச்சு' என்று போய் நின்றால், ஸ்கேனில் ஐந்து வாரம் என்று வரும். டாக்டர் ஏமாற்றவில்லை, கணக்கு அப்படி.

1971-ல் வந்த சட்டத்தை 2021-ல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டர் சம்மதித்தால் போதும். கருத்தடை முறை தவறிப்போனதும் சட்டம் ஏற்கும் காரணம்தான். 20-லிருந்து 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் சம்மதிக்க வேண்டும். அதுவும் எல்லோருக்கும் இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது ஆகாதவர்கள், கர்ப்பகாலத்தில் விதவையானவர்கள், விவாகரத்தானவர்கள், கடுமையான உடல் ஊனமோ மனநலக் குறையோ உள்ளவர்கள், சிசுவுக்குப் பெரிய கோளாறு தெரிந்தவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அரசு அறிவித்த பேரிடரில் சிக்கியவர்களும் அதில் உண்டு. சுனாமி பார்த்த கரைக்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 24 தாண்டினால் சிசுவுக்குக் கணிசமான கோளாறு இருந்தால் மட்டும், அதுவும் மருத்துவ வாரியம் சம்மதித்தால். தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும் என்றால் எந்த வாரமானாலும் ஒரே டாக்டர் செய்யலாம். வேறு காரணத்துக்கு 24 தாண்டிவிட்டால் நீதிமன்றப் படிதான்.

இதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. கருக்கலைப்பு அடிப்படையில் இன்னும் குற்றம்தான். 1860-ல் வெள்ளைக்காரர்கள் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 312. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 88. எண் மாறியது, ஆசாமி மாறவில்லை. 1971 சட்டம் அதிலிருந்து டாக்டரைக் காப்பாற்றும் குடை. நனைந்துகொண்டு வரும் பெண் அந்தக் குடையின் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம்.

எதிர்க்கரை ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டுக்குக் கவுன்ட்டவுன், நமக்கு என்ன? (அரங்கங்குப்பம்)

நமக்கும் கவுன்ட்டவுன்தான், 24-லிருந்து. 2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் இருக்கும்போது கோளாறு தெரிந்து கடிகாரத்தை நிறுத்தினார்கள், ஒரு வாரம் கழித்து ஏவினார்கள். நம் பெண்களின் கடிகாரத்தை அப்படி நிறுத்திவைக்க வழியில்லை. பேருந்துக்கு நின்ற நாள், கூலி போகுமே என்று தள்ளிய நாள், 'மேடம் லீவு, திங்கட்கிழமை வாங்க' என்று திருப்பி அனுப்பிய நாள், பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த நாள் எல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அஞ்சாம் மாச ஸ்கேன்ல தலை ஓடே உருவாகலைன்னு சொல்லிட்டாங்க. சாமி குத்தமா? (பசியாவரம்)

இல்லை தாயி. உங்கள் குற்றமும் இல்லை, சாமி குற்றமும் இல்லை. கிரகணத்தில் வெளியே வந்ததாலும் இல்லை, ஏரித் தண்ணீரில் நின்று இறால் பொறுக்கியதாலும் இல்லை. கரு உண்டான முதல் சில வாரங்களிலேயே மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் இடத்தில் ஏற்படும் குறை இது. இப்படிப் பிறக்கும் குழந்தை பிழைப்பதில்லை.

சிசுவின் பெரிய கோளாறுகளில் பல, 18 முதல் 20 வார ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். அதாவது, சொன்ன தேதிக்கு ஒழுங்காக ஸ்கேனுக்குப் போன பெண்ணுக்கே 20 வாரம் நெருங்கிவிடும். மறுபடி ஒரு ஸ்கேன், பெரிய டாக்டர் கருத்து என்று அலைந்தால் 22, 23. இதில் யார் தாமதம் செய்தது?

2008-ல் மும்பையில் ஒரு தம்பதி இதே நிலையில் உயர் நீதிமன்றம் போனார்கள். சிசுவுக்கு இதயக் கோளாறு, 24 வாரம். அன்றைய வரம்பு 20. அவர்களோடு சேர்ந்து மனு போட்டவர் டாக்டர் நிகில் தாதர். அனுமதி மறுக்கப்பட்டது. சில நாட்களில் கரு தானாகவே கலைந்துபோனது. அந்த வழக்கு கிளப்பிய விவாதத்துக்குப் பிறகு சட்டம் மாற 13 ஆண்டு ஆயிற்று. இப்போது உங்கள் நிலையில் இருப்பவர் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. 24 வாரம் தாண்டியிருந்தாலும் மருத்துவ வாரியம் மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டும், சம்மதம் என்றால் விண்ணப்பித்த ஐந்து நாளுக்குள் முடித்துத் தர வேண்டும். விதியில் இருக்கிறது, கேளுங்கள்.

அடுத்த பிள்ளைக்குத் தயாராகும் முன்பே டாக்டரிடம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை பற்றிக் கேட்டுத் தொடங்குங்கள். முதலில் உடம்பும் மனசும் தேறட்டும்.

புருஷன் கையெழுத்து இல்லாம செய்ய மாட்டோம்னு சொல்றாங்களே? (மீஞ்சூர்)

சட்டம் அவர் கையெழுத்தைக் கேட்கவில்லை. 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். மாமியார், நாத்தனார், கவுன்சிலர் யாரும் வேண்டாம். 'கூடவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டால்தான்' என்று நிபந்தனை போடவும் சட்டத்தில் இடமில்லை. 2022 செப்டம்பர் 29-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பெண்ணின் சம்மதமே போதும் என்று சொல்லி, இப்படி இல்லாத நிபந்தனைகளைப் போட வேண்டாம் என்று டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. கல்யாணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை என்றதும், இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குக் கணவன் செய்யும் பலாத்காரமும் பலாத்காரமே என்றதும் அதே தீர்ப்புதான்.

தாமதத்துக்கு இந்தக் கையெழுத்து ஒரு பெரிய காரணம். கையெழுத்துப் போட வேண்டியவர்தானே பல நேரம் பிரச்சினை!

கடலுக்குப் போன ஆள் வரலைன்னா அவள் விதவையா, இல்லையா? (கூனங்குப்பம்)

இந்த வாரத்தின் கனமான கேள்வி. உடல் கிடைக்காவிட்டால் ஏழு ஆண்டு காத்திருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் பொதுவழி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் காணாமல் போன கன்னியாகுமரி மீனவர்களுக்காக அரசு அந்த விதியைத் தளர்த்த வேண்டிவந்தது. ஏழு ஆண்டில் பிள்ளை இரண்டாம் வகுப்பில் இருக்கும்.

கருக்கலைப்புப் பட்டியலில் 'விதவை, விவாகரத்து' என்று இருக்கிறதே, காணாமல் போனவனின் மனைவி எதில் சேர்வாள்? 2022 தீர்ப்பு இங்கே கைகொடுக்கும். விதியின் நோக்கம் பெண்ணின் வாழ்க்கைச் சூழல் தலைகீழாக மாறிவிட்டதா என்பதுதான், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அல்ல என்ற வகையில் அது விளக்கம் சொல்கிறது. கைவிடப்பட்டவளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆனால் தீர்ப்பைப் படித்த டாக்டர் கிடைப்பது அவள் அதிர்ஷ்டம். எட்டு வயதில் ஒன்று, நாலு வயதில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று தனியாக நிற்பவள் ஐந்தாம் மாதத்தில் மனம் மாறுவதை 'மனம் மாறியது' என்று சொல்வதே தவறு. மாறியது வேறு எல்லாமும்.

மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டா முடிஞ்சுது. இதுக்கு ஏன் டாக்டர்? (ஒரு அண்ணன், பொன்னேரி)

முழுங்கப்போவது அண்ணன் இல்லையே! எருக்கங்குச்சி போய் மாத்திரை வந்தது பெரிய முன்னேற்றம்தான். 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் நூற்றுக்கு 73 மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. சரியான காலத்தில், சரியான அளவில், கருப்பையில்தான் கரு இருக்கிறது என்று உறுதியான பிறகு எடுத்தால் அது பாதுகாப்பான மருந்து. ஆனால் அதற்கு ஒன்பது வாரம் வரைதான் அனுமதி. நாலாம் மாதம் முழுங்கினால் ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம், பாதி தங்கிவிடலாம். கரு குழாயில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பதும் குற்றம்.

யாராவது முழுங்கிவிட்டு ரத்தம் நிற்காமல் இருந்தால், யார் என்ன சொல்வார்களோ என்று யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூணாவதும் பொண்ணுன்னு தெரிஞ்சா கலைக்கலாமா? (பெயர், ஊர் எதுவும் இல்லை)

கூடாது. ஆணா பெண்ணா என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். 1994-ல் வந்த சட்டம். தமிழ்நாடு 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க வேண்டிவந்ததே பெண் சிசுக்கொலையால்தான். மாதம் கடந்த கருக்கலைப்பைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களின் வாதங்களில் எனக்கு மிக வலுவாகப் படுவது இது. ஸ்கேனில் பால் தெரியும் காலமும் கலைப்பின் காலமும் ஒட்டி வருகின்றன. அதற்காக எல்லாப் பெண்ணையும் சந்தேகப்படுவதில் நியாயமில்லை. திருடன் இருக்கிறான் என்று தெருவில் எல்லோர் வீட்டையும் பூட்டி சாவியை ஸ்டேஷனில் வைக்கிறோமா?

இந்த விஷயத்தை ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்துப் பேசலாமா? (நடுக்குப்பம்)

ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்று பாடு பிரிப்பதில் உங்கள் பஞ்சாயத்தை மிஞ்ச ஆளில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் வெளியிடும் டாக்டருக்கே ஓராண்டு வரை சிறை உண்டு.

எட்டாவது படிக்கிற பிள்ளை. வயிறு தெரிஞ்ச பிறகுதான் அம்மாவுக்கே தெரிஞ்சுது. (திருமலை நகர்)

அந்த வயதில் மாதவிலக்கே ஒழுங்காக வராது, பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்றே புரியாது, மிரட்டியவன் பக்கத்து வீட்டிலோ அதே வீட்டிலோ இருப்பான். மாதம் கடந்து வருகிறவர்களில் நாம் முதலில் நினைக்க வேண்டியது இவர்களைத்தான்.

2024 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமிக்கு ஏறக்குறைய 30 வாரத்தில் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஒரு வாரத்தில், மகளின் உயிருக்குப் பயந்து பெற்றோரே பின்வாங்க, 29-ஆம் தேதி அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஓர் ஆறு வாரம் முன்பு தெரிந்திருந்தால் டெல்லி வரை போயிருக்கவே வேண்டாம்.

அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போகட்டும். 18 வயது ஆகாததால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், அதற்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098. மகளைத் திட்டுவதென்றால் அதை எப்போதும் செய்யாமலே இருக்கலாம்.

என்ன சொன்னாலும் அது உயிர்தானே? கொலை இல்லையா? (பழவேற்காடு)

கேள்வியைக் கிண்டல் செய்ய மாட்டேன். 26 வாரக் குழந்தை இன்குபேட்டரில் பிழைக்கக்கூடும், எய்ம்ஸ் மருத்துவர் மின்னஞ்சல் அனுப்பியது அதனால்தான். அவர் கையும் நடுங்கும் அல்லவா. ஆறாம் மாதத்துக்குப் பிறகு தடை கூடாது என்று சொல்பவர்களும் இந்த இடத்தில் தயங்கத்தான் வேண்டும்.

ஆனால் தடையின் விலையையும் சொல்லிவிடுகிறேன். 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வேயில் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பல் மருத்துவர் செத்துப்போனார். கரு 17 வாரம், கலையத் தொடங்கிவிட்டது, பிழைக்காது என்று டாக்டர்களுக்கே தெரியும். சிசுவின் இதயம் துடிக்கிறது, சட்டம் இடம் தராது என்று காத்திருந்தார்கள். நச்சு ரத்தத்தில் ஏறியது. 2018-ல் அந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டுச் சட்டத்தை மாற்றினார்கள். நமக்கு அக்கரையில் இலங்கையில் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி.

வரம்பே இல்லாவிட்டால் எல்லோரும் ஒன்பதாம் மாதம் வரை இழுப்பார்களே? (காட்டுப்பள்ளி)

கனடாவில் 1988 முதல் வரம்பு சொல்லும் குற்றச்சட்டமே இல்லை. அங்கேயும் பெரும்பாலான பெண்கள் முதல் மூன்று மாதத்திலேயே முடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 21 வாரத்திலும் அதற்குப் பிறகும் நடப்பது நூற்றுக்கு ஒன்று அளவுதான். ஆனால் அந்த ஒன்றை வைத்துத்தான் தேர்தலே நடக்கிறது. ஆறு மாதம் வாந்தியும் இடுப்பு வலியும் தாங்கிவிட்டு 'சரி, வேண்டாம்' என்று விளையாட்டாகச் சொல்லும் பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆண்களின் பேச்சில் மட்டும் அவள் அடிக்கடி வருகிறாள்.

மாதம் கடந்த கருக்கலைப்பு குறைய வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. எட்டாம் வாரத்தில் எளிதாகக் கிடைத்தால் இருபத்தெட்டாம் வாரத்தில் நீதிமன்றம் போக ஆள் குறையும். வாசலில் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, 'ஏன் லேட்?' என்று அடுத்த கேள்வியும் கேட்பது நியாயமில்லை.

கடைசியா ஒண்ணு. யார்கிட்ட முதல்ல சொல்றது? பிக்மி நம்பர் போட்டுட்டா அப்புறம் மாட்டிக்குவோமா? (ஜமீலாபாத்)

மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். பிக்மி என்பது கர்ப்பத்தைப் பதிவு செய்யும் எண். பதிவு செய்ததால் கலைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்தப் பயத்தில்தான் பலர் நர்ஸம்மா கண்ணில் படாமல் சுற்றி, வாரங்களைத் தொலைக்கிறார்கள். நாள் தள்ளிப்போன உடனே சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள். பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ கேளுங்கள். அங்கே முடியாது என்றால் எந்த மருத்துவமனையில் முடியும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை இருக்கிறது, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் 104, வீட்டில் அடி உதை என்றால் 181. இரண்டுக்கும் காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அரசு மருத்துவமனையில் கருக்கலைப்பும் இலவசம்தான்.